முகம் தெரிகிற தரை

தஞ்சாவூர்ப் பக்கம் மரத்தில் தரை போட்டுப் பிழைக்கிறோம் என்று சொன்னால் சிரிக்காத ஆள் கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் சுவரெல்லாம் ஓதம் ஏறுகிற ஊர். இங்கே போய் மரத்தரையா, கரையானுக்கு விருந்து வைக்கிறீர்களா என்று வலங்கைமான் கடைத்தெருவில் கேட்காதவர்கள் இல்லை. என் வீட்டுக்காரர் இராஜாங்கம் யாருக்கும் பதில் சொல்ல மாட்டார். நான் சொல்வேன். "ஒங்க வீட்டு நெலைவாசலும் மரந்தானே, அத கரையான் தின்னுடுச்சா?" என்பேன். செவ்வந்தி வாயாடி என்று பெயர். இருக்கட்டும், வாய் இருக்கிறவள்தானே ஆட முடியும்.

அவர் சிங்கப்பூரில் இந்த வேலை பார்த்தவர். கூடப் போனவர்கள் திரும்பி வரும்போது டிவி கொண்டுவந்தார்கள், சங்கிலி கொண்டுவந்தார்கள். இவர் பலகை தேய்க்கிற மிஷின் ஒன்றைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்புறம் அந்த மிஷினை அவரைவிட நான்தான் அதிகம் ஓட்டினேன். பலகை அடிப்பது, மட்டம் பார்ப்பது, வீட்டுக்காரர்களிடம் பேசுவது அவர் வேலை. தேய்ப்பது, சந்து அடைப்பது, பாலிஷ் போடுவது என் வேலை. என் முழங்கால் இரண்டும் காய்ச்சுப் போனது அதில்தான்.

மரத்தைக் கொண்டுவந்த அன்றைக்கே போட்டுவிட முடியாது. போடப்போகிற அறையிலேயே கட்டைப் பிரித்து அடுக்கி வைத்து, அந்த வீட்டுக் காற்றுக்குப் பழக விட வேண்டும். ஆறு காய்ந்து கிடக்கிற சித்திரையில் நெருக்கிப் போட்டால் ஐப்பசி அடைமழையில் பலகை உப்பி எழும்பும். அதனால் சுவரோரம் ஒரு விரல் இடம் விடுவோம். அதைப் பார்த்துவிட்டு மரம் பத்தவில்லையா என்பார்கள். பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். அந்தப் பொறுமை அவருக்கு உண்டு, எனக்குக் கிடையாது.

ஆரம்பத்தில் வேலையே இல்லை. கும்பகோணத்தில் ஒரு டாக்டர் வீட்டு மாடி, குத்தாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மேடை, அவ்வளவுதான். அந்த நாளில் வீட்டில் உலை கொதித்தது என்றால் அது மாட்டுப் பாலால்.

மாடு அரசாங்கம் கொடுத்தது. ஏழைகளுக்கு இரண்டு ஏக்கர் நிலம் என்று சொல்லி ஒரு ஆட்சி வந்தது. எங்கள் காலனியில் மனு எழுதியவர்களுக்குக் கை வலித்ததுதான் மிச்சம். அடுத்த ஆட்சி வந்து மாடு கொடுத்தது. என் பேருக்கு ஒரு சிவப்புக் கலப்பின மாடு வந்தது. தெருவே அதற்கு ‘கவர்மெண்டு’ என்று பெயர் வைத்துவிட்டது. "செவ்வந்தி, கவர்மெண்டு கத்துது பாரு, தண்ணி காட்டு" என்பார்கள். கவர்மெண்டு கன்று போட்டபோது காலனி முழுக்கச் சீம்பால் கொடுத்தேன். அவ்வளவு சாதுவான மாடு. மடியில் யார் கை வைத்தாலும் நிற்கும். என் குரல் கேட்டால் போதும், கயிறே வேண்டாம், பின்னாலேயே வரும்.

துரைக்கண்ணு வீட்டு வேலை வந்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மேலத்தெருக்காரர். ரைஸ் மில் இருக்கிறது, கட்சியில் பொறுப்பு இருக்கிறது. எந்தக் கரை வேட்டி ஆட்சிக்கு வந்தாலும் அவர் வீட்டு வாசலில் அந்தக் கரை தெரியும். மெயின் ரோட்டில் புது வீடு கட்டி, கூடம் முழுவதும் மரத்தரை போட வேண்டும் என்று இவரைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போகவேண்டாம் என்றேன். காரணம் இருந்தது.

என் மாமனார் மருதையன் அந்த வீட்டு நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். குத்தகைப் பதிவு என்று சட்டம் வந்ததும் துரைக்கண்ணுவின் அப்பா, மருதையன் என் வயலில் கால் வைத்ததே இல்லை என்று சொல்லிவிட்டார். கேஸ் நடந்தது. எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பேர் போய், மருதையன் அங்கே உழுததைப் பார்த்ததில்லை என்று சாட்சி சொன்னார்கள். பக்கத்தில் நின்று நாற்றுப் பறித்தவர்கள்! வயல் போயிற்று. இப்போது அது மனைக்கட்டாகிக் கல் நட்டுக் கிடக்கிறது. அந்தச் சாட்சிக்காரர்களின் சாவுக்குக்கூட என் வீட்டுக்காரர் போகவில்லை. எச்சில் சோற்றுக்குப் பொய் சொன்ன நாய்கள் என்று இன்றைக்கும் திட்டுவார்.

"அவங்க அப்பன் செஞ்சதுக்கு இவரு என்ன பண்ணுவாரு? இந்த ஒரு வீடு பேரு வாங்கிடுச்சுன்னா கிரகப்பிரவேசத்துக்கு வர்ற பெரிய மனுசன் பூராவும் நம்மளத் தேடி வருவான். பட்டுக்கோட்டை தேங்காய் யாவாரிலேர்ந்து அத்தன பேரும் வருவான் செவ்வந்தி. இல்லன்னா நான் திரும்ப சிங்கப்பூருக்குத்தான் போவணும்" என்றார். மறுபடி அவரை அனுப்பிவிட்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக இருக்க எனக்கு உடம்பில் தெம்பு இல்லை. சரி என்றேன்.

ஆனியில் பலகை இறங்கியது. ஆவணியில் புதுமனை புகுவிழா. நடுவில் எத்தனை நாள் அந்த வீட்டில் கிடந்தேன் என்று கணக்கில்லை. கூடத்தில் நான் மண்டியிடாத பலகை ஒன்று கிடையாது. பூஜை அறைக்குள்ளேகூட உட்கார்ந்து சந்து அடைத்தேன். துரைக்கண்ணுவின் அம்மா மங்களாம்பிகை தினமும் வந்து பார்ப்பார். "நல்லாத் தேய்க்கிறடி பொண்ணே" என்பார். பேப்பர் கப்பில் காப்பி வரும். அந்த வீட்டில் அப்போது எந்தக் கதவும் எனக்கு மூடியிருக்கவில்லை.

பாலிஷில்தான் தகராறு. நான் பளபளப்பு இல்லாத பாலிஷ் போடலாம் என்றேன். அதுதான் கால் வழுக்காது. துரைக்கண்ணு ஒத்துக்கொள்ளவில்லை. "குனிஞ்சா முகம் தெரியணும்மா. இல்லன்னா எதுக்கு இவ்வளவு செலவு?" என்றார். என் வீட்டுக்காரர் உடனே, "தெரியுங்க, கண்ணாடி மாதிரி செஞ்சுடலாங்க" என்றார். கை ஓயத் தேய்த்து, மேலே மேலே பூசி, கண்ணாடிதான் ஆக்கினேன். பொய் சொல்லக் கூடாது, முடிந்தபோது எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

விழாவுக்கு முதலில் வீட்டுக்குள் நுழைவது மாடும் கன்றும். துரைக்கண்ணு வீட்டில் உம்பளாச்சேரி மாடுகள் இருந்தன. எல்லாம் முட்டும், உதைக்கும். கூட்டத்தில் கொண்டுவர முடியாது. கன்றோடு ஒரு சாதுவான மாடு வேண்டும் என்று ஐயர் சொன்னாராம். என் வீட்டுக்காரர் நம் மாடு இருக்கிறதே என்று சொல்லிவிட்டு வந்தார்.

"நம்ம தெரு மாட்ட உள்ள வுடுவாங்களா?"

"மாட்டுக்கு ஏது தெரு? அந்தம்மாவே சரின்னுட்டாங்க. கலர் நல்லாருக்காம்."

எனக்கு ஆசை வந்துவிட்டது. மாமனாரை வயலில் கால் வைத்ததே இல்லை என்று சொன்ன குடும்பம். அவர்கள் வீட்டுக்குள் அவர்களுக்கு முன்னால் எங்கள் மாடு காலை வைக்கப் போகிறது. பைத்தியக்கார ஆசைதான், என்ன செய்வது. ஆனால் ஒன்று சொன்னேன். "அந்தத் தரைல கொளம்பு நிக்காது. வாசப்படிலேர்ந்து ஓமம் வளக்குற எடம் வரைக்கும் சாக்கு விரிக்கணும். சாக்கு இல்லாம எம் மாடு உள்ள போவாது. ஒத்துக்கிட்டாத்தான் அவுத்து வுடுவேன்." துரைக்கண்ணுவிடமும் சொல்லி, அவரும் சரி என்றார். சாக்கு நானே கொண்டுபோனேன். முதல் நாள் சாயங்காலம் நானே விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டினேன். "நான் பாத்துக்கறேன், நீ கவலப்படாத" என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் காலை வெயில் ஏறிய நேரத்தில் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் பூசி, கழுத்தில் மாலை போட்டு, கன்றோடு ஓட்டிக்கொண்டு போனேன். நானும் புதுப் புடவை கட்டியிருந்தேன். கேட்டில் டிரைவர் முருகையன் மறித்தான்.

"அக்கா, கயித்த எங்கிட்ட குடுங்க. நீங்க இங்கயே நில்லுங்க."

"ஏன், எம் மாடு நான் புடிச்சாத்தான்டா நடக்கும்."

அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். "பூஜ முடியிற வரைக்கும் காலனி ஆளுங்க உள்ள வரவேணாம்னு பெரியம்மா சொல்லியிருக்காங்க. எம்மேல கோவப்படாதீங்க."

நேற்று மாலை வரை அந்தக் கூடத்தில் தவழ்ந்தவள் நான். நெருப்பில் நிற்பது போல் இருந்தது. என் வீட்டுக்காரரைத் தேடினேன். அவர் காண்ட்ராக்டர், அதனால் போர்டிகோ வரைக்கும் அனுமதி. துரைக்கண்ணு கொடுத்த புது வேட்டியைக் கட்டிக்கொண்டு வீடு கட்டிய எஞ்சினியர் பக்கத்தில் நின்றவர் கூட்டத்தில் மறைந்துபோனார். நல்ல நேரம் போகிறது என்று உள்ளேயிருந்து கத்தினார்கள். கயிற்றைக் கொடுத்துவிட்டேன். கொடுத்திருக்கக் கூடாது. மாடு இரண்டு தடவை திரும்பி என்னைப் பார்த்தது. முருகையன் இழுத்துக்கொண்டு போனான், கன்றும் பின்னால் போயிற்று.

மாடு படியேறும்போதுதான் திறந்த வாசல் வழியாகப் பார்த்தேன். நான் விரித்த சாக்குகள் சுருட்டி ஜன்னல் ஓரம் கிடந்தன. வீடியோவில் அசிங்கமாக விழுகிறது என்று எடுத்துவிட்டார்களாம், அப்புறம் தெரிந்தது. "ஐயோ, சாக்க போடுங்க! சாக்க போடுங்க!" என்று கத்தினேன். அதே நேரம் மேளக்காரர்கள் கெட்டி மேளம் கொட்டினார்கள். என் கத்தல் யார் காதிலும் விழவில்லை.

மிரண்ட மாடு நிலைப்படி தாண்டியதும் மூத்திரம் விட்டது. கூடத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். கோமியம் விட்டுவிட்டது, லெட்சுமி வந்துவிட்டாள் என்று மங்களாம்பிகை கையைக் குவித்தார். அடுத்த அடி எடுத்து வைத்தது. பின்னங்கால் இரண்டும் இரண்டு பக்கமாகப் போயின. மாடு அப்படியே வயிறு அடிக்க உட்கார்ந்தது. எழுந்திருக்கப் பார்த்தது, குளம்பு பற்றவில்லை, மறுபடி விழுந்தது. அது கத்திய கத்தல் கேட் வரைக்கும் வந்தது. மேளம் நின்றது, கன்று மிரண்டு வெளியே ஓடி வந்தது.

நான் முருகையனாவது மண்ணாவது என்று உள்ளே ஓடினேன். போர்டிகோவில் நாலு பேர் கையை நீட்டித் தடுத்தார்கள். வாசற்படிக்கு வெளியே நின்றபடி எல்லாவற்றையும் பார்த்தேன்.

பந்தலுக்கு வந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "போச்சே, முத காலே இப்படியா? இந்த வீட்ல இனி எப்படிக் குடியிருக்குறது?" என்று மங்களாம்பிகை தலையில் கை வைத்தார். துரைக்கண்ணுவுக்கு முகம் கறுத்துவிட்டது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"என்னப்பா ராஜாங்கம், தரையா மாடா? நீயே சொல்லு."

என் வீட்டுக்காரர் குனிந்தார். மாட்டின் காலைத் தொட்டுப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் குளம்பு பட்டுப் பலகையில் விழுந்திருந்த கீறலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து சொன்னார்.

"தரைல ஒண்ணும் இல்லீங்க. மாடு ஏற்கெனவே பின்னங்கால் கொஞ்சம் நொண்டுங்க."

அந்த ஒரு சொல் கேட்டதும் கூடம் முழுவதும் மூச்சு வந்தது. சகுனம் இல்லை, நொண்டி மாடு, அவ்வளவுதான் என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டார்கள். ஊனம் இல்லாத மாடு வேண்டும் என்று அப்போதே சொன்னேனே என்றார் ஐயர். "நொண்டி மாட்ட மறைச்சுக் கொண்டாந்து வுட்டிருக்கா பாரு" என்றார் மங்களாம்பிகை. யாரைச் சொல்கிறார்? நல்லாத் தேய்க்கிறடி பொண்ணே என்று சொன்னாரே, அந்தப் பெண்ணைத்தான்.

"பொய்! எம் மாடு நொண்டல! சாக்க யாரு எடுத்தது, அதக் கேளுங்க!" என்று வாசலில் நின்று கத்தினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், என் வீட்டுக்காரர் ஒருவரைத் தவிர. "செவ்வந்தி, நீ வெளிய போ" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

நல்ல நேரம் முடிவதற்குள் மாட்டை அப்புறப்படுத்த வேண்டுமே. தூக்கவில்லை. காலில் கயிறு போட்டு இழுத்தார்கள். அடியில் கொடுக்கச் சொல்லி இவர் ஒரு சாக்கை எடுத்து வீசினார், தரைக்காக. படியில் இறக்கும்போது மாட்டின் தலை ஒவ்வொரு படியிலும் இடித்தது. நான் போய்த் தலையை மடியில் ஏந்திக்கொண்டேன். அதற்குள் மேலத்தெருவிலிருந்து வேறொரு மாடு வந்துவிட்டது. அதற்குச் சாக்கு விரித்தார்கள். அது பதவிசாக நடந்து உள்ளே போயிற்று.

குட்டி யானை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மாட்டு டாக்டர் அன்றைக்கே வந்து பார்த்தார். இடுப்பு எலும்பு விலகியிருக்கிறது, பலகை கொடுத்துத் தூக்கியிருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம், இழுத்ததில் உள்ளே எல்லாம் போய்விட்டது, இனிமேல் எழுந்திருக்காது என்றார். கன்று வந்து முட்டி முட்டிப் பால் குடித்தது. படுத்தபடியே கொடுத்தது என் மாடு.

நான் அழவில்லை.

"எதுக்குய்யா அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? தரை வழுக்குதுன்னு அத்தன பேரு முன்னாடி சொன்னா நாளைக்கு எவன் நம்மள வாசல்ல சேப்பான்? துரைக்கண்ணு அந்தத் தரைய பேத்து எடுக்கச் சொல்லியிருப்பாரு. தொழில் நெலச்சுதுன்னா இது மாதிரி பத்து மாடு வாங்கலாம்."

"பத்து வாங்கு, நூறு வாங்கு. இது நொண்டின்னு சொன்னியே, அத எங்க கொண்டுபோய்க் கழுவுவ? ஒங்கப்பாவுக்கு எதிரா சாட்சி சொன்னவனுவள நாயின்னியே, நீ யாரு?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சாக்க எடுக்குறப்ப நீ எங்க போன? பாத்துக்கறேன்னியே!"

"நான் எஞ்சினியர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். பாக்கல செவ்வந்தி. பாத்திருந்தா வுடுவனா?"

அதை நம்பினேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை நம்பினேன். கண் முன்னால் எடுத்திருந்தால் சும்மா இருந்திருக்க மாட்டார், மாட்டின் பாலைக் குடித்துத்தானே அவரும் இந்தத் தொழிலை நிலைநிறுத்தினார் என்று என்னையே நான் சமாதானம் பண்ணிக்கொண்டேன். அதற்கு நடுவிலேயே அவர் போன் அடித்தது. பட்டுக்கோட்டையிலிருந்து யாரோ தேங்காய் வியாபாரி, தரை பிரமாதம், எப்போது வந்து அளவு எடுப்பீர்கள் என்று கேட்டார். இவர் கொல்லைப் பக்கம் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசினார். சந்தோஷம் குரலில் தெரிந்தது. தெரியாமல் இருக்குமா?

மறுநாள் என்னிடம் பால் வாங்குகிற வீடுகள் எல்லாம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பின. பால் எங்கே இருக்கிறது வேண்டாம் என்று சொல்ல? ஆனாலும் சொல்லி அனுப்பினார்கள். நோவு பிடித்த மாட்டுப் பாலை இத்தனை நாள் ஊற்றினாளே என்று டீக்கடையில் பேச்சாம். கவர்மெண்டு நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இடுப்பில் ஈ மொய்த்தது. நான் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த நாள் இவர் மாட்டுத் தரகர் ஐயாவுவைக் கூட்டிக்கொண்டு வந்தார். கறிக்குப் பிடிக்கிறவர். நான் எழுந்து குறுக்கே நின்றேன். "கண்ணெதிர்ல புழு வச்சுச் சாவட்டுமா?" என்று இவர் கேட்டார். நகர்ந்தேன்.

ஐயாவு மாட்டைச் சுற்றி வந்தார். பல்லைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், ஒரு விலை சொன்னார். என் வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. "என்னங்க இது, தோல் காசுகூடத் தேறாது போலருக்கே" என்றார்.

"நொண்டி மாட்டுக்கு இதுக்கு மேல கட்டாது தம்பி. இது ரொம்ப நாளா நொண்டிங்கிறாங்களே, மேலத்தெரு பூரா அதே பேச்சுதான். சீக்கு மாடு எங்கயும் ஏறாது."

என் வீட்டுக்காரருக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். குரல் தெரு வரைக்கும் கேட்டது.

"யாரு சொன்னது நொண்டின்னு? எம் புள்ள மேல சத்தியமா சொல்றேன், இந்த மாட்டுக்கு ஒரு குறையும் கெடையாது. அங்க கேட் வரைக்கும் தன் கால்ல நடந்து போன மாடுங்க. தரை வழுக்கிடுச்சு, அவ்வளவுதான். விரிச்சிருந்த சாக்க அந்த வீடியோக்காரன் சுருட்டி எறிஞ்சான். எங் கண்ணு முன்னாடிதான் எறிஞ்சான், பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். அது மட்டும் இருந்திருந்தா விழுந்தே இருக்காது."

நான் அவர் துண்டைப் பிடித்து இழுத்தேன்.

"யோவ், பாத்தியா நீ?" என்றேன். "பாத்துக்கிட்டா நின்ன?"

அவர் திரும்பவில்லை. ஐயாவு முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா இரு செவ்வந்தி" என்றார். "வெல பேசிக்கிட்டிருக்கேன்ல."